திருச்சி விமானத்தில் என்னோடு வரும் நம்மவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சக பயணிகளே,

தலைக்கு மேலே திணித்து வைத்திருக்கிறீர்களே, அந்தப் பையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். சிங்கப்பூர் முஸ்தஃபா கடையில் வாங்கிய சாக்லெட், கோடாலித் தைலம், மைலோ டின், நடுவில் துணியில் சுற்றிய நகை. என் பையிலும் அதுதான் இருக்கும்.

ஆபத்தில் இறங்கும்போது பையை எடுக்காதீர்கள் என்று சிப்பந்திகள் சொல்வதைச் சடங்குபோல் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறோம். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத் தீயணைப்பாளர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று தெரிந்தால் அப்படி மூட மாட்டோம்.

இவர்கள் ஊருக்குள் தீயணைக்க வரும் குடிமைத் தற்காப்புப் படையினர் அல்லர். விமான நிலையத்தின் சொந்த அவசரச் சேவைப் பிரிவினர். ஓடுபாதையின் எந்த மூலைக்கும் 3 நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது அனைத்துலக விதி. 2 நிமிடம் என்பது இலக்கு. வண்டி ஓடும்போதே அதன் கூரைமேல் உள்ள பெரிய குழாயிலிருந்து நுரை பாயும். உள்ளே உட்கார்ந்தபடியே ஒரு கைப்பிடியால் அதைத் திருப்புவார்கள். எரியும் இறக்கையை முழுக்க அணைப்பதைவிட முதலில் அவர்கள் பார்ப்பது, நாம் உட்கார்ந்திருக்கும் பகுதியைக் குளிரவைப்பதும் நாம் இறங்கும் வழிக்குத் தீ வராமல் மறிப்பதும்தான்.

இப்போது கணக்குப் பாருங்கள். பாதிக் கதவுகளை மட்டும் வைத்துக்கொண்டு 90 வினாடிக்குள் எல்லாரும் வெளியேற முடியும் என்று காட்டினால்தான் புதிய விமான ரகத்துக்கு அனுமதி. 2006இல் நடந்த சோதனையில் ஏ380 என்ற ஈரடுக்கு விமானத்திலிருந்து 873 பேர் 78 வினாடியில் இறங்கினார்கள். ஆக, தீயணைப்பு வண்டி வந்து நிற்பதற்குள்ளேயே பாதி வேலை நம் கையில் இருக்கிறது. அந்த நேரத்தில் ஒருவர் நடைவழியில் நின்று பையை இழுத்தால் பின்னால் உள்ள வரிசை முழுக்க நிற்கும். பையின் சக்கரம் பட்டு, கதவிலிருந்து தரைக்கு விரியும் காற்றடைத்த சறுக்கு கிழிந்தால் அந்தக் கதவே போச்சு.

சரி, எப்போதும் ஓடுவதுதான் வழியா? அதுவும் இல்லை. 2010 நவம்பர் 4 அன்று, பக்கத்து இந்தோனேசியத் தீவான பாத்தாமுக்கு மேலே இன்ஜின் வெடித்த ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் ஏ380 சாங்கிக்குத் திரும்பியது. எரிபொருள் ஒழுகிக்கொண்டிருந்தது, பிரேக்குகள் தகித்தன, இன்னோர் இன்ஜின் நிற்கவே மாட்டேன் என்றது. தரையிறங்கிச் சுமார் 3 மணி நேரம் கழித்து, தீயணைப்பாளர்கள் நுரையைப் பீய்ச்சியடித்துத்தான் அதை நிறுத்தினார்கள். உள்ளே இருந்த 469 பேரும் பொறுமையாகப் படிக்கட்டு வழியாக இறங்கினார்கள், ஒரு காயமும் இல்லை. 2016 ஜூனில் மிலான் போகும் வழியில் திரும்பிவந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 777இன் வலது இறக்கை, தரையிறங்கியதும் பற்றியது. 241 பேர் உள்ளேயே இருந்தார்கள். சில நிமிடத்தில் தீ அணைந்தது. ஏன் உடனே இறக்கவில்லை என்று அப்போது பலர் கொதித்தார்கள். நான் உள்ளே இருந்திருந்தால் நானும் கத்தியிருப்பேன். ஆனாலும் வெளியே தீ எந்தப் பக்கம் போகிறது என்பது சன்னல் வழியே பார்ப்பவரைவிட நுரை அடிப்பவருக்குத்தான் நன்றாகத் தெரியும். உட்கார் என்றால் உட்காருவதும் இறங்கு என்றால் வெறுங்கையோடு இறங்குவதும் அவர்கள் வேலையில் நம் பங்கு.

பேரப்பிள்ளையைப் பார்க்க ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்கு இதையெல்லாம் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். விமானத்தில் சொல்லும் ஆங்கிலம் அவர்களுக்குப் பிடிபடாது. பாஸ்போர்ட், கைபேசி, சுகர் மாத்திரை மூன்றும் சட்டைப்பையிலோ இடுப்புப் பையிலோ இருக்கட்டும். நகையைப் பையில் வைக்காமல் போட்டுக்கொண்டே வரலாம். அதைப் பார்த்துத் திருச்சியில் சுங்க அதிகாரி கேள்வி கேட்டால், அது உங்கள் பாடு.

இப்படிக்கு,
அடுத்த வரிசையில் உட்காரும் ஒருவன்