மோட்டார் ரூம் சுவர்க் கூட்டம்

அன்புள்ள சேகருக்கு,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என் மூட்டுவலி இப்போது தேவலை.

தோட்டத்து மோட்டார் ரூம் சுவரில் நெட்டைக்கால் சிலந்திகள் கும்பலாக ஒட்டியிருப்பதாகவும், கிட்டே போனால் மொத்தக் கும்பலும் மேலும் கீழுமாக ஆடுவதாகவும், மருந்தடிக்கப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். தயவுசெய்து அடிக்காதே. வலை இல்லை, உடம்பும் இடுப்பில்லாமல் ஒரே உருண்டை என்றால் அவை சிலந்தியே இல்லை. எட்டுக்கால் உயிர்களில் தனி வரிசை அது, ஹார்வெஸ்ட்மேன் என்பார்கள். உலகத்தில் 6,500 இனங்களுக்கு மேல் உண்டு. விஷம் கிடையாது, நூல் விடவும் தெரியாது. பகலில் ஈர நிழலில் கூடிக் கிடக்கும். இருட்டியதும் செத்த பூச்சி, காளான் என்று தேடித் தின்னப் போய்விடும்.

எதிரி காலைப் பிடித்தால் அந்தக் காலையே கழற்றிவிட்டு ஓடும். பல்லி வால் போல அந்தக் கால் துடித்துக்கொண்டே கிடக்கும். ஆனால் பல்லிக்கு வால் முளைக்கும், இதற்குப் போன கால் போனதுதான். அதிலும் இரண்டாம் ஜோடிக் கால்கள் போனால் பாவம், வழியைத் தடவிப் பார்ப்பதே அவற்றால்தான்.

பனாமாவில் பாரோ கொலராடோ தீவில் ஸைகோபாக்கிலஸ் என்று ஒரு வகை இருக்கிறது. அதைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்கு இவற்றின் மேல் தனி மரியாதை. ஆண்தான் மரத்தில் மண்ணால் கூடு கட்டும். பெண்கள் தேடி வந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அப்புறம் எல்லாம் அப்பன் பாடுதான்: எறும்பை விரட்டும், முட்டையில் படரும் பூஞ்சையைப் பிடுங்கும், தன் இனத்தாரே முட்டையைத் தின்ன வந்தாலும் மல்லுக்கு நிற்கும். உன் சுவரில் இருப்பவை இப்படிக் காவல் இருக்குமா என்றால், நெட்டைக்கால் வகைகள் பொதுவாக மண்ணிடுக்கில் முட்டையிட்டுவிட்டு நகர்ந்துவிடும்.

ஸ்காட்லாந்தில் ரைனி என்ற ஊரில் இவற்றின் புதைபடிவம் கிடைத்திருக்கிறது. வயது சுமார் 41 கோடி ஆண்டு. உள்ளே மூச்சுக்குழாய்கூடத் தெரிகிறது. டைனோசர் தலையெடுக்கப் பல கோடி ஆண்டு முன்பே இந்த உடல்வாகு அமைந்துவிட்டது, யோசித்துப் பார்!

சுவிட்ச் பக்கம் இடைஞ்சலாக இருந்தால் துடைப்பத்தால் மெல்ல ஒதுக்கிவிடு, போதும். லேசாக வாடை வரும், பயப்படாதே. இருட்டியதும் டார்ச் எடுத்துப் போய், எந்தப் பக்கம் கிளம்புகின்றன என்று பார்த்து எனக்கு எழுது. தை பிறந்ததும் வருகிறேன். அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராமு