இலுப்பைக் கன்றுகளுக்காக ஓடி வந்தவர்களுக்கு

நாங்கள் வளர்த்த இலுப்பைக் கன்றுகளை எரித்த அந்தத் தீயைப் பற்றி மறுபடி எழுதப் போவதில்லை. அன்று ராத்திரி குடம் தூக்காத வீடே நம் ஊரில் இல்லை. மோட்டார் போட்டுவிட்ட பக்கத்துத் தோட்டத்து அண்ணன், டிராக்டரில் தண்ணீர் கொண்டு வந்த தம்பிகள், மறுநாளே பைகளில் மண் நிரப்ப வந்த பிள்ளைகள், வெளியூரிலிருந்து பணம் அனுப்பியவர்கள், எல்லோருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். பேர் எழுத ஆரம்பித்தால் யாராவது விட்டுப்போவார்கள்.

ஆனால் அப்பத்தாவைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

கன்றுகள் மொத்தமும் கருகிய பிறகு, சரி, திரும்ப விதை போடலாம் என்றால் இலுப்பை எடுத்து வைத்துப் போடுகிற விதை இல்லை. காய்ந்தால் போச்சு, பொறுக்கிய இரண்டு மூன்று வாரத்துக்குள் மண்ணுக்குள் போயாக வேண்டும், எண்ணெய் ஆட்டவென்று விற்பதெல்லாம் வெயிலில் காயவைத்தது. இதை நான் யாரிடமும் சொல்லக்கூட இல்லை. ஆனி மாதம் ஒரு காலையில் கோயில்காட்டுப் பக்கமிருந்து அப்பத்தா நடந்தே வந்தார், தலையில் ஈரச்சாக்கு. அவிழ்த்தால் பளபளவென்று பழுப்பு விதைகள், சிலவற்றில் இன்னும் சதை ஒட்டியிருந்தது, அந்தச் சதையில் வௌவாலின் பல் தடம். "வவ்வாலு தின்னு போட்டதாப் பாத்துத்தான் பொறுக்குனேன் தாயி, பழுக்காததை அது தொடாது" என்றார்.

வருஷா வருஷம் அய்யனார் கோயில் விளக்குக்கு எண்ணெய் ஆட்ட அவர் பொறுக்குகிற விதை அது. காசை எடுத்ததும் முகம் மாறிவிட்டது. சாக்கை மட்டும் உதறி மடித்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து அந்தப் பல் தடம் மனதை விட்டுப் போகவில்லை. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவாலை எலி, காக்கையோடு சேர்த்துக் கேடு செய்யும் பிராணி என்றது, 2022இல் திருத்திய பிறகுதான் அதற்குப் பாதுகாப்பு கிடைத்தது. அத்தனை வருஷமும் அது பாட்டுக்கு நம் இலுப்பைப் பழத்தைத் தூக்கிப்போய் விதையை ஊரெல்லாம் போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பங்குனி, சித்திரையில் பூவுக்கும் அதுதான் முதலில் வரும், அப்புறம் மரநாய், மைனா, கிளி. நாங்கள் வளர்ப்பது இவற்றுக்காகத்தான். விளக்குக்கு எண்ணெய் வேண்டியவர் தன் பங்கையும் அவற்றுக்கே கொடுத்துவிட்டார், அதை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

விதைகள் முளைத்துவிட்டன. ஆணிவேர் விறுவிறுவென்று இறங்கும் என்பதால் நீளப் பையாகப் பார்த்துப் போட்டிருக்கிறோம். ஐப்பசி மழையில் கண்மாய்க் கரையில் நடுவோம், ஆடு கடிக்காமலிருக்க முள் வெட்டித் தர வருகிறவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள். பூத்துக் காய்க்கப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும், அதுவரை இந்தக் கரையைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

இந்த வருஷம் அய்யனார் விளக்குக்கு எண்ணெய் எங்கள் வீட்டிலிருந்து வரும். அப்பத்தா மறுக்கக் கூடாது, அவர் பேரனிடம் சொல்லியாகிவிட்டது.