கடற்கரைக் கதவு: டிரஸ்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டிரஸ்டிகளுக்கு,

வணக்கம். டிசம்பர் விடுமுறையில், டர்பனுக்குத் தெற்கே கடலோரத்தில் நீங்கள் நிர்வகிக்கும் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் ஒரு வாரம் வாடகைக்குத் தங்கியவர்கள் நாங்கள். சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்தோம், ஆறு பேர். கடற்கரைக் கதவைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய முறையீட்டுக்கு இரண்டு வரியில் பதில் வந்தது: விதியை மாற்ற முடியாது. அறிவிப்புப் பலகையில் உங்கள் பெயர்களைப் பார்த்தேன். சிலர் தமிழ் வீட்டுப் பிள்ளைகள். அதனால்தான் இந்தத் தடவை தமிழில் எழுதுகிறேன்.

வீட்டைப் பற்றி எந்தக் குறையும் இல்லை. சுத்தமான வீடு, கடலைப் பார்த்த பால்கனி. நண்டுக் குழம்பு வைக்கத் தோதான பெரிய பாத்திரம்கூட அலமாரியில் இருந்தது. குறையெல்லாம் புல்வெளிக் கோடியில், மணலுக்கு இறங்குகிற அந்தக் கம்பிக் கதவைப் பற்றித்தான். டேக் என்கிற மின்னணுச் சாவியை வைத்தால்தான் அது திறக்கும். ஆறு பேர் தங்கலாம் என்று நீங்களே அனுமதித்த வீட்டுக்கு இரண்டே டேக்.

இரண்டாம் நாள் காலை ஒரு டேக் பிள்ளைகளோடு போனது, இன்னொன்று தூண்டிலை எடுத்துக்கொண்டு போன என் கணவரோடு. டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடுகிறது. அம்மா குளித்து, விளக்கேற்றி, கடலில் கால் நனைத்துவிட்டு வரலாம் என்று தனியாக லிஃப்டில் இறங்கியிருக்கிறார். நான் எழுந்து பால்கனியிலிருந்து பார்த்தபோது கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். காவலாளியிடம் கேட்டாராம். டேக் இல்லாமல் யாருக்கும் திறக்கக் கூடாதென்று உத்தரவு. அந்தத் தம்பி மேல் எனக்கு வருத்தமில்லை, திறந்தால் அவர் வேலை போகும். நான் ஓடி இறங்கியதும் அம்மா சொன்னார்: "பரவாயில்ல கண்ணு, இங்கேருந்தே தெரியுது."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த மடல்.

அம்மா 1948இல் டர்பன் மேகசின் பாரக்ஸில் பிறந்தவர். நகராட்சிக்கு உழைத்த இந்தியத் தொழிலாளர்களின் குடியிருப்பு அது. கடல் நடந்து போகிற தூரம்தான். தென்னாப்பிரிக்காவில் பொது இடங்களை இனவாரியாகப் பிரித்த தனி வசதிச் சட்டம் 1953இல் வந்தபோது அவருக்கு ஐந்து வயது. எந்த மணலில் யார் கால் வைக்கலாம் என்பதைப் பலகைகள் சொன்ன காலம். நல்ல மணல் நமக்கில்லை, தாத்தா தூரத்தில் நின்று கையை நீட்டிக் காட்டுவாராம். அறுபதுகளில் பாரக்ஸையே காலி செய்து சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள், கடல் இன்னும் தள்ளிப் போனது. 1989 நவம்பரில் கடற்கரைகள் எல்லாருக்கும் என்று அறிவித்தபோது அம்மாவுக்கு 41 வயது. அதன் பிறகு புத்தாண்டு தோறும் பிரியாணிச் சட்டியோடு போய் இருட்டுவதற்குள் திரும்புவோம். அலைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஒரு இரவு முழுக்கப் படுத்துத் தூங்கியது உங்கள் கட்டடத்தில்தான், முதல் தடவையாக.

உங்களை அந்தப் பலகை நட்டவர்களோடு நான் சேர்க்கவில்லை. உங்களில் சிலரின் பெற்றோரும் அந்தப் பலகைக்கு இந்தப் பக்கம் நின்றவர்களாகத்தான் இருப்பார்கள்.

திருட்டு பயம் உண்மை என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் கம்பி இருக்கிறது. கதவை எந்நேரமும் திறந்து போடுங்கள் என்று கேட்கவில்லை. 2008ஆம் ஆண்டின் கடலோர மேலாண்மைச் சட்டம் கடற்கரையைப் பொதுச் சொத்து என்கிறது, நியாயமான முறையில் அங்கே போய்வர எல்லாருக்கும் உரிமை தருகிறது. சாலையைச் சுற்றிப் போனால் பொதுப் படிக்கட்டு இருக்கிறது, ஆகவே நீங்கள் சட்டத்தை மீறுகிறீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் முட்டி தேய்ந்த ஒரு வயதான அம்மாவுக்கு அந்தப் படிக்கட்டு எட்டுமா?

எத்தனை பேர் தங்க அனுமதியோ அத்தனை டேக் கொடுங்கள். தொலைந்துவிடும் என்று பயந்தால் ஒவ்வொன்றுக்கும் முன்பணம் வாங்குங்கள், நாங்கள் முகம் சுளிக்காமல் கட்டுவோம். அதுவும் முடியாதென்றால், விடிந்ததிலிருந்து இருட்டும்வரை, தங்கியிருப்பவர்களின் பெயர்ப் பட்டியலைப் பார்த்துக் கதவைத் திறக்கக் காவலாளிக்கு அனுமதி கொடுங்கள். பட்டியல் ஏற்கெனவே அவர் மேசையில்தான் இருக்கிறது. வந்த அன்று அம்மாவின் பெயரையும் அதில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள்.

குடியிருப்பின் நடத்தை விதியையே மாற்ற வேண்டுமென்றால் உரிமையாளர்கள் கூட்டத்தில் சிறப்புத் தீர்மானம் வேண்டும், 75 விழுக்காடு வாக்கும் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அப்படியானால் அடுத்த கூட்டத்தில் இந்த மடலை வாசியுங்கள். தமிழ் தெரியாதவர்களுக்கு நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

ஈஸ்டர் விடுமுறைக்கும் அதே வீட்டைக் கேட்டிருக்கிறேன். அம்மாவும் வருகிறார். அதற்குள் பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடியில் தங்கிய குடும்பத்தின் மகள்
சாட்ஸ்வொர்த்