அடித்தால்தான் வருமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் மகள் ரெண்டு வருஷமாக ஜூடோ கற்றுக்கொள்கிறாள். போன மாதம் ஒரு போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டு போட்டி மெத்தையை விட்டு இறங்கியவளை, பெல்ட்டைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை, அவளுடைய மாஸ்டர் எல்லார் முன்னாலும் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். நான் எழுந்து போவதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு பிள்ளையின் அப்பா என் கையைப் பிடித்து, "விடுங்க சார், ஜப்பான் ஸ்டைல் இது, அடிச்சாத்தான் வரும்" என்றார். அந்தப் பேச்சுதான் இதை எழுத வைத்தது.

ஜப்பான் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறவர் ஜூடோ வீரர் கோசெய் இனோவே. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 100 கிலோ பிரிவில் தங்கம். இறுதிப் போட்டியில் எதிராளியின் தொடைக்கு உள்பக்கம் காலைக் கொடுத்து அப்படியே தூக்கி வீசினார் பாருங்கள், உச்சிமாதா என்பார்கள், அந்த வீடியோவை நானும் மகளும் எத்தனை தடவை பார்த்திருப்போம் என்று கணக்கே கிடையாது. முந்தின வருஷம் இறந்துபோன அம்மாவின் படத்தைக் கையில் பிடித்தபடி பதக்க மேடையில் நின்றார். நாலு வருஷம் கழித்து ஏதென்ஸில் அதே மனிதர் காலிறுதியில் தோற்று, பதக்கமே இல்லாமல் ஊர் திரும்பினார். ஆக, இரண்டையும் பார்த்தவர்.

2012 லண்டனில் ஜப்பான் ஆண்கள் அணிக்கு ஒரு தங்கம்கூட இல்லை. 1964ல் ஜூடோ ஒலிம்பிக்குக்கு வந்ததிலிருந்து அப்படி ஆனதே இல்லையாம். அந்த நேரம் பார்த்து 34 வயதில் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பு இனோவேயிடம் வந்தது. 2016 ரியோவில் ஏழு எடைப் பிரிவிலும் பதக்கம், டோக்கியோவில் ஏழில் ஐந்து தங்கம். ஆனால் எனக்குப் பிடித்தது இந்தக் கணக்கு இல்லை. 2020 பிப்ரவரியில் டோக்கியோவுக்கான அணியை அறிவிக்க வந்தவர் பத்திரிகைக்காரர்கள் முன்னால் அழுதுவிட்டார். அணியில் இடம் கிடைக்காமல் போனவர்களைப் பற்றிப் பேசும்போதுதான் அவருக்குக் குரல் உடைந்தது.

சரி, பக்கத்து சீட்டுக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அடி அங்கேயும் இருந்தது. இனோவே ஆண்கள் அணிக்குப் பொறுப்பேற்ற அதே சமயத்தில் ஜப்பான் பெண்கள் அணியைச் சேர்ந்த 15 வீராங்கனைகள் தங்கள் பயிற்சியாளர் அடிக்கிறார் என்று சேர்ந்து புகார் கொடுத்தார்கள். 2013 தொடக்கத்தில் அந்தப் பயிற்சியாளர் பதவியை விட்டுப் போக வேண்டியதாயிற்று. ஜப்பான் ஸ்டைல் என்று சொல்கிறவர்கள் கதையின் இந்தப் பாதியையும் சொல்ல வேண்டாமா?

அவ்வளவு தூரம் எதற்கு, 2022ல் உலக கேடட் (18 வயதுக்குட்பட்டோர்) ஜூடோவில் தங்கம் வாங்கிய மணிப்பூர்ப் பெண் லிந்தோய் சனம்பம் பயிற்சி எடுத்தது நம் கர்நாடகத்தில், பெல்லாரிப் பக்கம்தான். பெங்களூரு அல்சூரிலிருந்து ராத்திரி பஸ் ஏறினால் காலையில் போய்விடலாம், எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று நேரிலேயே பார்க்கலாம்.

ஜூடோவில் சேர்ந்ததும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது விழுவதற்குத்தான். உகேமி என்று பெயர். தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, விழும்போதே உள்ளங்கையால் மெத்தையை ஓங்கித் தட்ட வேண்டும், அடி உடம்பில் இறங்காது. என் மகள் வீட்டில் பாய் விரித்து ஆயிரம் தடவை விழுந்து பழகியிருப்பாள், கீழ்வீட்டுக்காரர்கள் சண்டைக்கே வந்திருக்கிறார்கள். நின்றுகொண்டிருக்கும்போது கன்னத்தில் விழுகிற அறைக்கு எதைத் தட்டுவது?

மாஸ்டரிடம் போய்ப் பேசலாம் என்றேன். "வேணாம்ப்பா, அப்புறம் டீம்ல எடுக்க மாட்டார்" என்கிறாள். அதனால்தான் அவர் பெயரையும் கிளப் பெயரையும் நான் எழுதவில்லை. நீங்களும் என் பெயரைப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு