லெப்ரெட் பக்கம் உழவு தெரியாதவர்களா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்திலுள்ள லெப்ரெட் கிராமத்தைப் பற்றிய பயணக் கட்டுரை படித்தேன். ஏரியும், 1925ல் எழுப்பிய கற்கோயிலும், குன்றின் மேலுள்ள வெள்ளைச் சிற்றாலயமும் அழகாக வந்திருக்கின்றன. ஆனால் ‘சுற்றியுள்ள ரிசர்வுகளில் இருப்பவர்களுக்கு உழவில் நாட்டமில்லை’ என்று போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறதே, அதை விட்டுவிட மனமில்லை. ரிசர்வ் என்பது பூர்வகுடிகளுக்கென்று அரசு ஒதுக்கிய நிலம். ரெஜைனாவில் இருக்கும் எனக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. காப்பிக் கடையில்கூடக் காதில் விழும்.

1874 செப்டம்பரில் பக்கத்து ஊரான போர்ட் கப்பெலில் அரசுக்கும் பூர்வகுடிகளுக்கும் இடையே நான்காம் ஒப்பந்தம் கையெழுத்தானது. கலப்பை, மண்வெட்டி, எருது, விதை எல்லாம் தருவதாக அதிலேயே எழுதியிருக்கிறது. காட்டெருமை மந்தைகள் அருகிவந்த காலம். இனி மண்தான் சோறு போடும் என்று இங்குள்ள பூர்வகுடிகளான க்ரீ மக்களுக்குத் தெரியாதா என்ன? உழுதார்கள், விளைந்தது. சந்தையில் எங்களுக்குப் போட்டி என்று வெள்ளைக் குடியேறிகள் புகார் சொல்லத் தொடங்கியதும் அதனால்தான்.

1889ல் ஹேட்டர் ரீட் என்ற அதிகாரியின் கொள்கை வந்தது. ரிசர்வில் இயந்திரம் கூடாது, கையால்தான் அறுக்க வேண்டும், கையால்தான் கதிரடிக்க வேண்டும். சீக்கிரமே உறைபனி விழுகிற பூமியில் இதற்கு என்ன பொருள் என்று விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தப்பிப் பிழைத்த தானியத்தை விற்கவும் ரிசர்வை மேற்பார்த்த அரசு ஏஜெண்டிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். 1885க்குப் பிறகு ரிசர்வை விட்டு வெளியே போவதற்கும் தனிச் சீட்டு. யார், எத்தனை நாள், என்ன வேலை, துப்பாக்கி கொண்டுபோகலாமா என்பதுவரை அதில் எழுதியிருக்கும். எந்தச் சட்டமும் இதற்கு இடம் கொடுக்கவில்லை. லெப்ரெட் உறைவிடப் பள்ளிக்குக் கொண்டுபோன சொந்தப் பிள்ளையைப் பார்க்கவும் இதே சீட்டுதான்.

இத்தனையும் செய்துவிட்டு, ரிசர்வ் நிலம் சும்மா கிடக்கிறது என்று சொல்லி அதையும் வெட்டி விற்றார்கள். பாஸ்குவா ரிசர்வில் 1906ல், மஸ்கவ்பெட்டங் ரிசர்வில் 1909ல்.

கட்டுரையாளர் அடுத்த முறை செப்டம்பரில் போகட்டும். போர்ட் கப்பெலில் ஒப்பந்த நினைவுக் கூடல் நடக்கும். வரிசையில் நிற்கும் ஒப்பந்தக் குடிகளுக்கு ஆளுக்கு 5 டாலர் கொடுப்பார்கள். 1874ல் பேசிய தொகை அது. இன்றுவரை ஒரு காசு ஏறவில்லை.

வாசகர்,
ரெஜைனா