பேர் இஞ்ச, ஆள் உங்க

டேய் மச்சான்,

உன்ர மெசேஜுக்குப் பதில் போடேல்ல எண்டு கோவிக்காத. வொய்ஸ் நோட்டில சொல்லலாம் எண்டுதான் பாத்தன், ஆனா நான் கதைக்கத் தொடங்கினா நிப்பாட்ட மாட்டன், நீ மெட்ரோவில போகேக்க கேட்டுப்போட்டுப் பாதியில விட்டிடுவாய், அதான் ஆறுதலா இருந்து டைப் பண்ணுறன். வீட்டுக் கதை முதல். மூத்தவள் படிப்பு முடிச்சு வேலைக்குப் போறாள், சின்னவன் ஹொக்கி ஹொக்கி எண்டு திரியிறான், மனுசிக்கு முழங்கால் நோ, எனக்குச் சுகர் ஏறி இறங்குது. உங்கயும் இதே லிஸ்ட்தான் இருக்கும். அம்மாவுக்கு எப்பிடி இப்ப? அந்த ஸ்கான் எடுக்கிற கதை என்ன மாதிரி?

ஃபோட்டோவில கோட்டில குத்தியிருக்கிற சிவப்புப் பூ என்னடா, ஏதும் கட்சியில சேந்திட்டியோ எண்டு நக்கலடிச்சாய். அது பொப்பி. உங்க பிரான்சில, முதலாம் உலகப் போர் முடிஞ்ச நாளெண்டு நவம்பர் 11க்குச் செத்த சிப்பாய்மாரை நினைச்சு நீலப் பூ குத்துவினமெல்லே, அந்த மாதிரி இஞ்ச கனடாவில சிவப்பு. லீஜன் எண்டு பழைய ஆமிக்காரரின்ர சங்கம் ஒண்டு இருக்கு, அவைதான் அக்டோபர் கடைசி வெள்ளியில இருந்து கடை வாசல் வழிய பெட்டி வைச்சுக் குடுப்பினம், நாங்கள் ஏலுமானதைப் போட்டிட்டு ஒண்டை எடுத்து இடப்பக்கம் குத்துறது. காசு பழைய சிப்பாய்மாருக்கும் அவையின்ர குடும்பங்களுக்கும் போகும். ஒண்டே ஒண்டு, அந்த ஊசிக்குப் பின்னால பூட்டு ஒண்டும் இல்லை, காலமை குத்தினா மத்தியானம் எங்கயோ விழுந்திருக்கும், நூறு வருசமா உதுக்கு ஒரு வழி பாக்கேல்லையோ எண்டு எனக்கு ஒவ்வொரு வருசமும் எரிச்சல். எங்கட ஆக்கள் பிறந்தநாள், சாமத்திய வீடு செய்யிற லீஜன் ஹோலும் இதே லீஜன்தான், பாட்டும் கூத்துமா ஆடிப்போட்டு வெளிய வரேக்க சுவரில இருக்கிற கறுப்பு வெள்ளைப் படங்களை ஒருத்தரும் நிண்டு பாக்கிறேல்ல.

உங்க அண்டைக்கு லீவு. ஒன்ராறியோவில இல்லை. ஆனா 11 மணிக்கு எங்கட வெயர்ஹவுசில ஸ்பீக்கரில சொல்லி எல்லாத்தையும் நிப்பாட்டுவாங்கள், ரெண்டு நிமிசம் ஃபோர்க்லிஃப்ட் சத்தம் கூட இருக்காது, பிறகு திரும்ப ஓட்டம்தான்.

நான் இருக்கிற ஊரின்ர கதை உனக்குச் சொல்லேல்ல போல. ஏஜாக்ஸ் எண்டது ஒரு கப்பலின்ர பேர் மச்சான், பிரிட்டிஷ் போர்க்கப்பல். 1939 டிசம்பர் 13, தென்னமெரிக்காவில ரிவர் பிளேற் கடலில ஏஜாக்ஸ், எக்ஸெட்டர், அக்கிலீஸ் எண்டு மூண்டு கப்பல் சேந்து ஜெர்மன்காரன்ர கிராஃப் ஸ்பீ எண்ட போர்க்கப்பலை மறிச்சு அடிச்சவை. 1941ல இந்த இடத்தில, அப்ப வெறும் தோட்டக் காணியள், ஷெல்லுக்கு வெடிமருந்து அடைக்கிற பெரிய ஃபாக்டரி வந்தது. உச்சத்தில 9,000 பேர் வேலை செய்தவை, கன பேர் பொம்பிளையள், நாடு முழுக்க இருந்து வந்தவை, 40 மில்லியன் ஷெல் நிரப்பினதாம். அந்த வேலையாக்கள் தங்கத்தான் இந்த ஊர். பேரும் அந்தக் கப்பலிட்ட இருந்து எடுத்தது. அதோட விடாம தெருவுக்கெல்லாம் அந்தக் கப்பல்களில நிண்ட மாலுமிமாரின்ர பேரை வைக்கத் தொடங்கிச்சினம், இண்டைக்கும் புதுசா வீடு கட்டித் தெரு திறந்தா அதே வழக்கம்தான். பெரிய றோட்டு ஹார்வுட், அண்டைக்கு அந்த மூண்டு கப்பலுக்கும் தலைவரா, கொமடோரா நிண்டவர். எங்கட சனம் இஞ்ச கனக்க, "ஹார்வுட்டில வந்து இடப்பக்கம் திரும்புங்கோ" எண்டு சொல்லாத ஆளில்லை, ஆனா ஹார்வுட் ஆரெண்டு கேட்டா தெரியாது.

இதில பெரிய பகிடி, எதிரிக் கப்பலின்ர கப்டன் லாங்ஸ்டோர்ஃபின்ர பேரையும் ஒரு தெருவுக்கு வைச்சவை! அந்த மனிசன் 9 சரக்குக் கப்பலைத் தாட்டவர், ஆனா அதில ஒரு உயிரையும் எடுக்கேல்ல, ஆக்களை முதல்ல இறக்கிப்போட்டுத்தான் தாட்டவர். கடைசியில தன்ர ஆக்களைச் சாக விடாம மொன்டிவிடியோவுக்கு வெளிய கப்பலைத் தானே வெடிக்க வைச்சுப்போட்டு, மூண்டு நாளில தன்னைத் தானே சுட்டுச் செத்துப்போனார். நல்ல மனிசன் எண்டு ஒரு பக்கம், என்ன இருந்தாலும் ஹிட்லரின்ர நேவி, அவன்ர பேரில தெருவோ எண்டு இன்னொரு பக்கம், பிறகு கவுன்சில்ல அது பெரிய பிரச்சினையாப் போச்சு. நான் ரெண்டாவது பக்கம். நல்லவர் எண்டு பாடம் படிப்பிக்கலாம், தெருப் பலகை வேற விசயம்.

சரி, நான் எழுத வந்தது வேற. இஞ்ச எந்தச் சின்ன ஊருக்குப் போனாலும், ஒரு சேர்ச், ஒரு ரிம் ஹோட்டன்ஸ் கோப்பிக்கடை, ஒரு பெற்றோல் ஸ்ரேஷன் மட்டும் இருக்கிற ஊரெண்டாலும், நடுவில ஒரு கல் நிக்கும். மேல துவக்கைத் தலைகீழாப் பிடிச்சுக்கொண்டு தலை குனிஞ்ச ஒரு சிப்பாய், கீழ சண்டையில செத்தவையின்ர பேர்கள். ஏன் இவ்வளவு கல்லெண்டு எனக்குக் கன காலம் விளங்கேல்ல. முதலாம் உலகப் போரில செத்த ஒருத்தரையும் திருப்பிக் கொண்டு வரக் கூடாதெண்டு பிரிட்டிஷ் பக்கம் சட்டம் போட்டது, பணக்காரன் ஏழை எண்ட வித்தியாசமில்லாம விழுந்த இடத்திலயே புதைக்கிறது எண்டு. கனடாவும் அதுக்குள்ளதான். 80 லட்சம் சனம் கூட இல்லாத நாட்டில 60,000க்கு மேல செத்தவை, ஒரு பெட்டி கூட வீட்டுக்கு வரேல்ல. தாய்க்காரி எங்க போய் அழுறது? அதான் ஒவ்வொரு ஊரும் தன்ர காசைச் சேத்து, விருந்து வைச்சு, லொத்தர் வித்து ஒரு கல்லு நாட்டினது. ஒட்டாவாவில இருக்கிற பெரியது, 22 வெண்கலச் சிலையோட, 1939 மே மாசம் பிரிட்டிஷ் ராசா வந்து திறந்தது, அது நாட்டுக்கு. ஊர்க் கல்லு வீட்டுக்கு.

இப்ப அந்தக் காலத்து ஆமி ஃபைல் எல்லாத்தையும் ஸ்கான் பண்ணி நெட்டில போட்டிருக்கினம், ஆறு லட்சத்துக்கு மேல. பக்கத்து ஊர்க் கல்லில இருந்த ஒரு பேரை ஃபோனில படமெடுத்து வந்து இரவு தேடினன். வந்திட்டுது. சேரேக்க நிரப்பின ஃபோர்ம், உயரம், கண் நிறம், மயிர் நிறம், சமயம், தொழில் எண்ட இடத்தில தோட்டக்காரன். சம்பளம் ஒரு நாளைக்கு ஒரு டொலர் 10 சதம், அதில பாதிக்கு மேல மாசா மாசம் தாய்க்குப் போயிருக்கு. பிறகு 1917 ஏப்ரல், பிரான்சில விமி எண்ட இடத்துச் சண்டை. காணேல்ல, செத்ததா எடுக்கப்பட்டது. கடைசித் தாளில ஒரு ரப்பர் ஸ்டாம்ப், பிள்ளையைச் சண்டையில பறிகுடுத்த தாய்மாருக்குக் குடுக்கிற வெள்ளிச் சிலுவையைத் தாய்க்கு அனுப்பியாச்சு எண்டு. மனுசி வந்து லைட்டைப் போட்டு என்ன இந்த நேரத்தில எண்டு கேட்டாள், வேலை விசயம் எண்டு சொல்லிப்போட்டுப் படுத்திட்டன்.

கல்லெண்டா எல்லாரும் ஒற்றுமையா நிண்டு கட்டினதெண்டு நினைக்காத. வின்னிபெக்கில 1920களில போட்டி வைச்சு எமானுவேல் ஹான் எண்டவரின்ர டிசைனைத் தெரிவு செய்தவை, பிறகு பாத்தா அவர் ஜெர்மனியில பிறந்தவராம், சின்னப் பிள்ளையா வந்த ஆள், வேண்டாம் எண்டிட்டினம். திரும்பப் போட்டி. அதில வெண்டது எலிசபெத் வின் வுட். அவ ஆரெண்டா ஹானின்ர மனுசி! அதுவும் வேண்டாம். கடைசியில வேற ஒருத்தரின்ர டிசைனை 1928ல வைச்சினம். இதே ஹான் செய்த சிப்பாய், பெரிய கோட்டுப் போட்டுக்கொண்டு குனிஞ்சு நிக்கிற ஆள், நோவா ஸ்கோஷியாவில வெஸ்ற்வில்லில 1921ல வைச்சது, அதைப் பாத்து இன்னும் எத்தினை ஊரில வைச்சிருக்கினம். அது மட்டுமே, எங்கட 10 சதக் காசில இருக்கிற பாய்க்கப்பலும் 25 சதத்தில இருக்கிற கரிபூ மானும் அவர் கீறினதுதான். வின்னிபெக் வேண்டாம் எண்ட மனிசன்ர கைவேலை 1937ல இருந்து முழுக் கனடாவின்ர பொக்கற்றிலயும் கிடக்கு. அந்த எலிசபெத் வெலண்டில செய்த நினைவுச்சின்னத்தைத் திறந்தது 1939 செப்டம்பர், அடுத்த சண்டை தொடங்கின அதே மாசம்.

வான்கூவர்க் கதை இன்னும் மோசம். முதலாம் சண்டைக்கு ஜப்பான் ஆக்கள் 222 பேர் சேந்தவை, அவை இருந்த பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் எடுக்க மாட்டனெண்டிட்டுது, அல்பேர்ட்டாவுக்குப் போய்ச் சேந்தவை. 54 பேர் திரும்பி வரேல்ல. 1920ல ஸ்டான்லி பார்க்கில கல்லு வைச்சு மேல ஒரு விளக்கும் எரிய விட்டவை. 1942ல, ரெண்டாம் சண்டையில ஜப்பான் எதிரியெண்டு, 20,000க்கு மேற்பட்ட ஜப்பான் கனேடியரைப் பிடிச்சுக் காம்புக்கு அனுப்பேக்க அந்த விளக்கையும் நூத்திட்டாங்கள். முதலாம் சண்டையில கனடாவுக்காக நிண்டு மெடல் வாங்கின மசுமி மிற்சுயி எண்டவரின்ர தோட்டத்தையும் பறிச்சுக் குடும்பத்தோட அனுப்பினவை. 1985ல விளக்கைத் திரும்பக் கொளுத்தினது அதே மிற்சுயிதான், அப்ப அவருக்கு வயசு 97 அப்பிடி. அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது அதுக்கும் பிறகு, 1988ல.

நீ இதை வாசிக்கேக்க என்ன நினைப்பாய் எண்டு எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில, கோப்பாயில எங்கட போராளியளின்ர கல்லறையளை இடிச்சு அதுக்கு மேல ஆமிக் காம்ப் கட்டினவங்கள். பிள்ளையைப் புதைச்ச இடத்தில ஒரு விளக்குக் கொளுத்த ஏலாம வேலிக்கு வெளிய நிண்ட தாய்மாரை எங்களுக்குத் தெரியும். அதால இஞ்ச ஒரு கல்லு நூறு வருசம் அசையாம நிக்கிறதைப் பாத்தா எனக்குப் பொறாமைதான் முதல்ல வாறது, மரியாதை பிறகுதான். ஆனா இவங்களும் ஒரு விளக்கை நூத்தவங்கள்தான் எண்டதையும் சேத்துத்தான் பாக்க வேணும், இல்லாட்டி இவங்கள் ஏதோ பிறவியிலயே நல்லவங்கள் எண்டு எங்கட பெடியள் நினைச்சிடுவாங்கள்.

401 பாலத்துக் கதையும் சொல்ல வேணும். ஆப்கானிஸ்தான் சண்டையில கனடா ஆமி 158 பேர் செத்தவை. இந்தத் தரம் உடல்கள் வீட்டுக்கு வந்தது. ட்ரென்ரன் விமானத் தளத்தில இறக்கி, 401 ஹைவேயால ரொறொன்ரோவுக்குக் கொண்டு போவினம், எங்கட ஊரைத் தாண்டித்தான். ஆரும் சொல்லாம சனம் தானா வந்து பாலங்களில நிக்கத் தொடங்கிச்சுது, ஃபயர் ட்ரக்குக்கு மேல ஏறி நிண்டு சல்யூட் அடிப்பினம், கிழவர் மெடலோட, பிள்ளையள் கொடியோட, சில நேரம் குளிரில மணித்தியாலக் கணக்கா. 2007ல அந்தத் துண்டுக்கு ஹைவே ஒஃப் ஹீரோஸ் எண்டு பேர் வைச்சினம். ஷிஃப்ட் முடிஞ்சு வரேக்க நானும் ஒருக்கா நிண்டன். அந்தச் சண்டைக்கு ஏன் போனவை எண்டு எனக்கு இப்பவும் கேள்வி இருக்கு, பக்கத்தில நிண்ட வெள்ளைக்காரக் கிழவிக்கும் இருந்தது, சொன்னவ. ஆனா கறுப்புக் கார் வரிசை வரேக்க ரெண்டு பேரும் ஒண்டும் கதைக்கேல்ல.

இப்ப விசயத்துக்கு வாறன், உன்னட்ட ஒரு உதவி. பேர் இஞ்ச இருக்கு, ஆள் உங்க இருக்கு. பரிஸ் நகரத்தில இருந்து விமிக்கு ரெண்டு மணித்தியால ஓட்டம், லான்ஸ் பக்கம், ஃபுட்போல் பாக்கப் போற வழிதான். அந்தக் காணி 1922ல பிரான்ஸ் கனடாவுக்குக் குடுத்தது, உள்ள கனடாப் பெடியள்தான் சுத்திக் காட்டுவினம். மேல வெள்ளைக் கல்லில ரெண்டு கோபுரம், வோல்ரர் ஓல்வார்ட் எண்டவர் செய்தது, 1936ல திறந்தது. அடிச் சுவரில, பிரான்சில செத்து உடல் கிடைக்காத 11,285 பேரின்ர பேர், அதில என்ர ஆளும் இருப்பார், பேரைத் தனியா அனுப்புறன். ஒரு ஞாயிறு பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போய்ப் படமெடுத்து அனுப்பு. பெல்ஜியத்தில காணாமப் போனவைக்கு வேற இடம், அதைப் பிறகு பாப்பம். வேலி போட்ட புல்லுக்குள்ள இறங்கிடாத, இன்னும் வெடிக்காத ஷெல் கிடக்காம், அதான் அங்க ஆடு விட்டுப் புல்லு வெட்டுறாங்கள்.

நேரம் இருந்தா கிட்டத்தான் சூஷே, கபரே ரூஜ் மயானம். அங்க ஆளில்லாத ஒரு குழி இருக்கு. பேர் தெரியாத ஒரு கனடாச் சிப்பாயை 2000 மே மாசம் கிண்டியெடுத்து ஒட்டாவாவுக்குக் கொண்டு வந்து அந்த 22 சிலைக்கு முன்னால வைச்சவை, பழைய குழியில அதைச் சொல்லி ஒரு கல்லு இருக்கு. 2024 ஜூலை 1 நியூஃபவுண்ட்லாண்ட் மாகாணமும் அதே மாதிரி தன்ர ஒருத்தரை உங்க இருந்து கொண்டு வந்து சென்ற் ஜோன்ஸில வைச்சது. அவைக்கு ஜூலை 1 கனடா டே மட்டும் இல்லை, 1916ல அண்டைக்குக் காலமை பிரான்சில பொமோன் ஹமேலில அவையின்ர பெடியள் 800 பேரளவில சண்டைக்கு வெளிக்கிட்டு அடுத்த நாள் பேர் கூப்பிடேக்க 68 பேர்தான் பதில் சொன்னவை, அதால இண்டைக்கும் காலமை அழுகை, மத்தியானத்துக்குப் பிறகுதான் கேக்.

நல்ல சப்பாத்துப் போட்டுக்கொண்டு போ, மழையெண்டா சரியான சேறு. சமருக்கு இஞ்ச வாறது எண்டா ஏப்ரலுக்கு முதல் டிக்கெட் போடு, பிறகு விலை ஏறிடும். அம்மாவின்ர ஸ்கான் ரிசல்ட் வந்தா எந்த நேரமெண்டாலும் கோல் எடு, நான் முழிச்சிருப்பன்.

உன்ர பழைய கூட்டாளி,
ஏஜாக்ஸில இருந்து