நவஹோ சிறார் கதைகளில் குலமும் மலையும்

ஆசிரியருக்கு, வணக்கம்.

அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ மக்களின் மரபில் வேரூன்றிய சிறார் மாயக்கதைகளைத் தமிழாக்குவோர் உறவுமுறையில் கைவைக்க வேண்டாம். தன்னை அறிமுகப்படுத்தும் சிறுவன் நான்கு குலங்களைச் சொல்வான்: முதலில் தாயின் குலம், அடுத்து தந்தையின் குலம், பிறகு தாய்வழித் தாத்தா, தந்தைவழித் தாத்தா ஆகியோரின் குலங்கள். பிள்ளை தாயின் குலத்தையே சேரும். வரிசை மாறினால் யார் யாருக்கு என்ன முறை என்பதே குழம்பிவிடும். நான்கு திசைகளுக்கும் உரிய புனித மலைகளின் நிறங்களும் அப்படித்தான்: கிழக்கு வெள்ளை, தெற்கு நீலம், மேற்கு மஞ்சள், வடக்கு கறுப்பு. கயோட்டி (ஓநாய் இன விலங்கு) கதைகள் குளிர்காலத்துக்கு மட்டுமே உரியவை. கோடை இரவில் பாட்டி சொல்வதுபோல் ஓவியர் வரைந்துவிடக் கூடாது.

இக்கதைகளில் யுரேனியத்தால் நீர் கெடுவதாக வந்தால், அது வெறும் கற்பனையன்று. 1979 ஜூலை 16 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், நவஹோ நிலத்தை ஒட்டிய சர்ச் ராக்கில் யுரேனிய ஆலையின் கழிவுநீர் அணை உடைந்து, கதிரியக்கக் கழிவு புவெர்க்கோ ஆற்றில் கலந்தது. இதைப் பதிப்பாளர்கள் ஒரு பக்கக் குறிப்பாகவேனும் சேர்க்க வேண்டும்.

– சிறார் நூல் வாசகர், கோவை